தொலைக்காட்சி வரலாற்று நூலை எழுதி முடித்தவர் அதை வெளியிடுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி நூலாசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடக்கும் நூல் வெளியீட்டு விழாக்களுக்கு ஏறத்தாழ ஒரே அமைப்புதான் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரைகள் என நீண்டு, நூலாசிரியர் ஏற்புரைக்கு எழும்போது சாப்பாட்டு நேரம் கடந்து பின்வரிசை நாற்காலிகள் காலியாகியிருக்கும். கவிதைத் தொகுப்புக்கோ நாவலுக்கோ இந்த அமைப்பு ஓரளவு பொருந்தலாம். தொலைக்காட்சி வரலாற்று நூலுக்கு இது சிறிதும் பொருந்தாது என்பதே என் கருத்து. அந்த நூலின் பொருளைப் பற்றி மேடையில் இருப்பவரைவிட எதிரில் அமர்ந்திருப்பவருக்கு அதிகம் தெரிந்திருக்கும். பஞ்சாயத்து டிவி அறையின் சாவியை வைத்திருந்தவர், மாடிக்கு மாடி ஆண்டெனா கட்டிக்கொடுத்த மெக்கானிக், வாடகைக்கு டெக் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) கொடுத்த கடைக்காரர், தெருத்தெருவாகக் கேபிள் இழுத்த ஆபரேட்டர் ஆகியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை முதலில் நூலுக்குள்ளும் பிறகு மேடைக்கும் கொண்டுவருவதை மையமாக வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கையெழுத்துப் படி முடிந்துவிட்டது, விழாவுக்கு ஆறு மாத அவகாசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதற்படி: அச்சுக்குப் போகும் முன் ஆண்டுகளைச் சரிபார்த்தல்

வெளியீட்டு மேடையில் பேசுவோர் நூலின் பின்னட்டையையும் முன்னுரையையும் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் பேசுவார்கள். அங்கே ஓர் ஆண்டு தவறாக இருந்தால் அது ஒலிபெருக்கி வழியாக ஊரெங்கும் போய், மறுநாள் நாளிதழ்ச் செய்தியிலும் ஏறிவிடும். ஆகவே காலவரிசையைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

உலக வரலாற்றைச் சொல்லும் அத்தியாயத்தில் கவனிக்க வேண்டியது 'கண்டுபிடித்தவர் யார்' என்ற கேள்வி. பள்ளிப் பாடத்தின் பழக்கத்தால் ஜான் லோகி பெயர்டு என்ற ஒரே பெயரோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவர் 1926 ஜனவரி 26 அன்று லண்டனில் அறிவியலாளர் முன்னிலையில் காட்டிய கருவி, துளைகள் இட்ட சுழலும் வட்டத்தகட்டால் இயங்கியது; அதன் படத்தில் 30 கோடுகளே இருந்தன. அத்தகைய தகட்டை 1884-இலேயே பால் நிப்கோ ஜெர்மனியில் வடிவமைத்துவிட்டார். பிற்காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த பெட்டியோ மின்னணு முறையைச் சேர்ந்தது. அந்த வழியில் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1927 செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் முதல் உருவத்தை அனுப்பினார். இவ்விரண்டு வழிகளையும் பிரித்துச் சொல்லாத நூலை, எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

இந்திய வரலாற்றில் 1959 செப்டம்பர் 15 என்பது டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கிய நாள். தினசரி ஒளிபரப்பு 1965-இல்தான் வந்தது. மும்பை நிலையம் 1972 அக்டோபர் 2 அன்றும், சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றும் தொடங்கின. 1976 ஏப்ரல் 1 வரை தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதால், 'தூர்தர்ஷன் 1959-இல் தனி நிறுவனமாக உருவானது' என்று எழுதுவது பிழை. அதேபோல, 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கொண்டு நடந்த 'சைட்' என்ற கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை ஆறு மாநிலங்களின் 2400 கிராமங்களுக்குச் சென்றது. அண்டையிலுள்ள ஆந்திரமும் கர்நாடகமும் அதில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. தூர்தர்ஷனையும் வானொலியையும் தன்னாட்சி அமைப்பின்கீழ் கொண்டுவந்த பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது 1990, நடைமுறைக்கு வந்தது 1997. எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஆண்டு மாறும். பொதிகை என்று நாம் அறிந்த தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறியதையும் கடைசி அத்தியாயத்தில் சேர்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தகவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சென்னை நிலையம் தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1950-இல், சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் தேனாம்பேட்டையில் நடந்த கண்காட்சியில் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டியதாக அக்கால நாளிதழில் செய்தி வந்துள்ளது. டெல்லியில் தொடங்கும் நூலைவிட இந்தச் செய்தியில் தொடங்கும் தமிழ் நூலையே நான் விரும்பிப் படிப்பேன்.

இரண்டாம் படி: நம் மாவட்டத்தின் வரலாற்றைத் தனியே எழுதுதல்

ஆறு மாதத்தில் அதிக நேரத்தை இதற்கே ஒதுக்க வேண்டும். '1975-இல் தமிழகத்துக்குத் தொலைக்காட்சி வந்தது' என்ற வாக்கியம் சென்னைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உண்மை, தருமபுரிக்கு உண்மையல்ல. அக்காலத் தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்துச் சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் பூமியின் வளைவும் மலைகளும் அவற்றை மறைத்துவிடும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், சேர்வராயனும் சவ்வாது மலையும் மேலகிரியும் சூழ இருக்கும் நமக்கு அந்த ஒளிபரப்பு எட்டியிருக்க இயலாது. செயற்கைக்கோள் இணைப்பு கிடைத்தபின், 1984-ஐ ஒட்டி நாடு முழுவதும் குறைந்த ஆற்றல் ஒளிபரப்பிகள் விரைந்து நிறுவப்பட்ட காலத்தில்தான் சிறு நகரங்களின் கதை தொடங்குகிறது. ஓசூரின் கதையோ வேறு. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரில், பெங்களூர் நிலையம் வந்தபின் ஆண்டெனாவை வடமேற்கே திருப்பியவர்கள் முதலில் பார்த்தது கன்னட நிகழ்ச்சியாக இருந்திருக்கலாம். இருந்ததா இல்லையா என்பதை அங்கே வயதானவர்களைக் கேட்டே எழுத வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழி வீடுகளிலும் கேட்க வேண்டும்.

கேட்கும்போது, 'உங்கள் ஊருக்கு டிவி எந்த ஆண்டு வந்தது?' என்று கேட்டால் விடை கிடைக்காது. கிடைத்தாலும் நம்ப முடியாது. நினைவில் ஆண்டுகள் நிற்பதில்லை, நிகழ்ச்சிகள் நிற்கின்றன. இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை (1984 நவம்பர் 3) டிவியில் பார்த்தீர்களா, யார் வீட்டில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால், எம்.ஜி.ஆர். மறைந்தபோது (1987 டிசம்பர் 24) எங்கே பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை இராமாயணத் தொடர் (1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை) ஓடிய நாட்களில் வீட்டில் பெட்டி இருந்ததா, பக்கத்து வீட்டுக்குப் போனார்களா, மொழி புரிந்ததா என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளும் ஒரு கிராமத்தின் டிவி வருகையை இரண்டு, மூன்று ஆண்டு வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். வெள்ளிக்கிழமைத் திரைப்பாடல் நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' பற்றி எல்லோரும் தாமாகவே பேசுவார்கள். அதை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டு, யார் தரையில் உட்கார்ந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள், யார் உள்ளே அனுமதிக்கப்படவில்லை என்ற கேள்விகளுக்குப் போய்விடுவது நல்லது. நம் மாவட்டங்களின் சமூக வரலாறு அங்கேதான் இருக்கிறது. இதைக் கேட்கத் தயங்கும் ஆசிரியர் வெறும் நிகழ்ச்சிப் பட்டியலைத்தான் எழுதுவார்.

வாய்மொழிக்குத் துணையாகக் காகிதமும் தேடுங்கள். எண்பதுகளின் நடுப்பகுதி வரை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அந்த உரிமப் புத்தகங்கள் சில வீடுகளின் பீரோக்களில் இன்னும் கிடக்கின்றன. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஆபரேட்டர்கள் தலைமை அஞ்சலகத்தில் பதிவுசெய்து பெற்ற சான்றுகள் அவர்களிடம் இருக்கும். டிவி அறை கட்டியதற்கும் பெட்டி வாங்கியதற்கும் பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகங்களில் பதிவு இருக்கலாம். வார இதழ்களின் பழைய தொகுதிகளுக்குச் சென்னையில் கன்னிமாரா நூலகத்தையும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் நாடலாம். அண்மைக் காலத்துக்கு 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மீண்டும் தொடங்கிய அரசு கேபிளும் முக்கியமானவை. பென்னாகரம், அஞ்செட்டி மலைக்கிராமங்களில் முதல் பெட்டி அந்த 14 அங்குல அரசுப் பெட்டிதானா என்பது கேட்டு எழுதப்பட வேண்டிய ஓர் அத்தியாயம்.

பேட்டி தந்த ஒவ்வொருவரிடமும் பெயரையும் படத்தையும் வெளியிட எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். அவர் சொன்னதைத் தட்டச்சு செய்து அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். வெளியீட்டு நாளில் அரங்கில் எழுந்து, 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று ஒருவர் சொல்லும் நிலையைத் தவிர்க்க வேறு வழி கிடையாது.

மூன்றாம் படி: படங்களும் உரிமையும்

இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுத்துப் போட்டுவிடும் பழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் பரவியிருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியிடப்பட்ட ஒளிப்படத்துக்கு 60 ஆண்டுகளும், ஒளிபரப்புக்கு 25 ஆண்டுகளும் உரிமை உண்டு. நிகழ்ச்சிக்குள் வரும் பாட்டுக்கும் கதைக்கும் தனித்தனி உரிமை உண்டு. விமரிசனத்துக்காக ஒரு காட்சியை அளவோடு எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. அட்டைப்படத்துக்கு அந்த விலக்கை நம்பிப் போக வேண்டாம். அட்டைக்கு நான் பரிந்துரைப்பது நம் ஊர்ப் படம்தான்: பூட்டிக் கிடக்கும் ஒரு பஞ்சாயத்து டிவி அறையை நீங்களே படமெடுத்துக்கொண்டால் உரிமைச் சிக்கலும் இல்லை, நூல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதும் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் படி: எண், அச்சு, விலை

பதிப்பகம் வெளியிடுகிறது என்றால் இந்தப் படியில் உங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது மட்டுமே வேலை. சொந்தமாக வெளியிடுபவர் டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியே விண்ணப்பித்து, நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். பெற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் அது இடைத்தரகருக்கான கூலி. தாமதம் நேரக்கூடும் என்பதால் இரண்டு மாதம் முன்னரே விண்ணப்பியுங்கள், ஏனெனில் அந்த 13 இலக்க எண்ணும் பட்டைக்குறியும் பின்னட்டையில் ஏறிய பிறகே அச்சுக்குப் போக முடியும்.

டெம்மி என்ற வழக்கமான நூல் அளவில் 16 பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் பக்கங்களை அமைத்தால் காகிதம் வீணாகாது. படங்கள் நிறைய இருந்தால் அவற்றை மட்டும் வழவழப்பான ஆர்ட் தாளில் ஒரு பாரமாகச் சேர்த்து, மற்றதை மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாளில் அடிப்பது செலவைக் கட்டுப்படுத்தும். முதலில் 300 அல்லது 500 பிரதிகள் போதும். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இப்போது இருப்பதால், ஆயிரம் பிரதிகள் அடித்து வீட்டுப் பரணில் அடுக்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. விலையை முடிவு செய்யும்போது கடைகளுக்கு 30 முதல் 40 விழுக்காடு வரை கழிவு தர வேண்டியிருப்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அச்சகம் சொல்லும் தேதிக்கும் விழா நாளுக்கும் இடையே மூன்று வாரமாவது இருக்கட்டும். பைண்டிங் பசை காயாத புத்தகத்தை மேடையில் விரித்தால் தாள்கள் கையோடு வந்துவிடும்.

ஐந்தாம் படி: நாள் பார்த்தல்

தொலைக்காட்சி வரலாற்று நூலுக்கு அந்த வரலாற்றிலிருந்தே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வருவது இயல்பு. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு: தொலைக்காட்சியின் பெரிய நாட்கள் எல்லாமே வேறு காரணங்களுக்காக நிரம்பிய நாட்கள். செப்டம்பர் 15 இந்தியத் தொலைக்காட்சியின் பிறந்தநாள். அன்றே அண்ணா பிறந்தநாள் என்பதால் அரசியல் பிரமுகர் எவரும் உங்கள் அரங்குக்கு நேரத்துக்கு வர மாட்டார். (சிலருக்கு இதுவே அந்த நாளைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகவும் அமையலாம்.) ஆகஸ்ட் 15 சென்னை நிலையம் தொடங்கிய நாள், அன்று கொடியேற்றமும் கிராமசபையும் இருக்கும். ஏப்ரல் 14, தமிழின் முதல் தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகளில் ஒன்றான சன் டிவி 1993-இல் தொடங்கிய நாள். அது சித்திரைத் திருநாளாகவும் அம்பேத்கர் பிறந்தநாளாகவும் இருக்கிறது. அக்டோபர் 2 மும்பை நிலையத்தின் நாள். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவானதும் அதே நாளில்தான். ஆனால் காந்தி பிறந்தநாளன்றும் கிராமசபை இருப்பதால் காலையில் பஞ்சாயத்துக்காரர்கள் வர முடியாது. தருமபுரியில் அந்த நாளை வைப்பதாக இருந்தால் மாலை நான்கு மணிக்கு வையுங்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பிப்ரவரி 9 என்ற நல்ல நாள் ஒன்று கையில் இருக்கிறது. ஒளிபரப்பு செல்லும் வான் அலைகள் பொதுச்சொத்து, அவற்றின்மீது அரசுக்கு ஏகபோகம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995 பிப்ரவரி 9 அன்று. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. மழையும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது, பொதுத்தேர்வும் தொடங்கியிருக்காது. தை மாத முகூர்த்தம் மட்டும் இடிக்கலாம் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அந்த நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளலாம். ஐக்கிய நாடுகள் சபை 1996-இல் அறிவித்த உலகத் தொலைக்காட்சி நாளான நவம்பர் 21-உம் உண்டு. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். எந்த நாளாக இருந்தாலும், மா அறுவடை மும்முரமாக நடக்கும் மே முதல் ஜூலை வரையிலான மாதங்களையும், ஒகேனக்கல் நோக்கி ஊரே திரளும் ஆடிப்பெருக்கையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: இடமும் அழைப்பும்

பெரிய திருமண மண்டபத்தில் நூறு பேர் அமர்ந்தால் அரங்கு வெறிச்சோடித் தெரியும். அதே நூறு பேர் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் அமர்ந்தால் நிறைந்து தெரியும். மாவட்ட மைய நூலகத்தையோ கல்லூரி ஒன்றின் கருத்தரங்கக் கூடத்தையோ முதலில் கேட்டுப் பாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் இருப்பது முக்கியம். உங்கள் சாட்சிகள் பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். மாலை விழா என்றால் கடைசிப் பேருந்தை நினைத்து ஆறு மணிக்கே எழுந்துவிடுவார்கள். ஞாயிறு காலை பத்து மணி எல்லோருக்கும் வசதி. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் அதுவே ஏற்றது.

அழைப்பிதழில் பெயர்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைப் பற்றி நம் ஊரில் நடக்கும் மனத்தாங்கல்கள் அனைவரும் அறிந்தவை. தலைமைக்கு ஒருவர், நூலை வெளியிட ஒருவர், முதல் பிரதி பெற ஒருவர், ஆய்வுரைக்கு ஒருவர், ஏற்புரைக்கு நீங்கள் என்று ஐந்து பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'முன்னிலை' என்ற வரியையே எடுத்துவிட்டால் பாதிச் சண்டை அடிபட்டுப் போகும். ஆய்வுரையாளர் நூலைப் படித்திருக்க வேண்டும் என்பதை வெட்கப்படாமல் நிபந்தனையாகவே சொல்லி, ஒரு மாதம் முன்னரே படியைக் கொடுத்துவிடுங்கள். தொலைக்காட்சியில் முகம் தெரிந்த ஒருவரை அழைத்தால் கூட்டம் வரும். அவர் தற்படம் எடுத்துக்கொண்டு கிளம்பியதும் கூட்டமும் கிளம்பிவிடும். என் தேர்வு, சென்னை நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தயாரிப்பாளரோ தொழில்நுட்பரோ வெளியிட, நம் மாவட்டத்தின் மூத்த மெக்கானிக்கோ டிவி அறைப் பொறுப்பாளரோ முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வது. நிகழ்ச்சியை அனுப்பியவரும் அதைப் பிடித்துக் கொடுத்தவரும் ஒரே மேடையில் சந்திக்கும் வாய்ப்பு இதற்கு முன் அமைந்திருக்காது.

பேட்டி தந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நேரில் போய், தாம்பூலத்தோடு இல்லாவிட்டாலும் அச்சிட்ட அழைப்பிதழோடு அழையுங்கள். வரப்போக வண்டிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். ஓசூரில் விழா வைத்தால் அழைப்பிதழில் தெலுங்கு, கன்னட, உருது மொழிகளில் ஒவ்வொரு வரி இருப்பது மரியாதை.

ஏழாம் படி: அரங்குக்கு வெளியே ஒரு சிறு கண்காட்சி

செலவு குறைவு, பலன் அதிகம் என்று சொல்லத்தக்க படி இது. மரக்கதவு வைத்த கருப்பு வெள்ளைப் பெட்டி, மீன்முள் போல நீண்ட ஆண்டெனா, பூஸ்டர், ஸ்டெபிலைசர், வீடியோ கேசட், டெக், முதல் தலைமுறை செட்டாப் பாக்ஸ், அரசு கொடுத்த பெட்டி ஆகியவற்றை வரிசைப்படி மேசைகளில் வையுங்கள். சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகளும் ஐதராபாத்தின் இ.சி. பெட்டியும் கிடைத்தால் சிறப்பு; பழைய இரும்புக் கடைகளைவிட மெக்கானிக்குகளின் பின்கட்டில் தேடுவதே பலன் தரும். ஒவ்வொன்றின் அருகிலும் யாருடையது, எந்த ஊர், எப்போது வாங்கியது என்ற மூன்று விவரங்களைக் கையெழுத்தில் எழுதி வைத்தால் போதும்.

பழைய பெட்டியை ஓடவிட்டுக் காட்ட விரும்பினால் சில எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டுவிட்டதால் ஆண்டெனாவில் படம் வராது. பழைய பெட்டிக்கு ஆண்டெனா வாய் மட்டுமே இருக்கும், செட்டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை வயர்களை அதில் நேரே செருக முடியாது, இடையில் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு கருவி வேண்டும். பட்டுப்போன கெப்பாசிட்டர்களோடு பல ஆண்டுகள் கிடந்த பெட்டியை மேடையருகே முதன்முறையாகச் சுவிட்ச் போடக் கூடாது. முன்கூட்டியே மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிக்சர் டியூபில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தேங்கி நிற்கும் என்பதால் பின்மூடியை நீங்களாகத் திறக்கவே வேண்டாம். குழந்தைகள் கை வைக்காதபடி கயிறு கட்டுங்கள். பழைய நிகழ்ச்சித் துணுக்குகளைப் பொதுவில் திரையிட உரிமை பெற வேண்டியிருக்கும். பெற இயலாவிட்டால், நீங்கள் எடுத்த பேட்டிகளின் பதிவையே அந்தப் பெட்டியில் ஓடவிடலாம். பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர் தம் ஊர் டிவி அறையைப் பற்றிப் பேசுவதைக் கருப்பு வெள்ளைப் பெட்டியில் பார்க்கும்போது கூட்டம் நகராது.

எட்டாம் படி: விழா நாள்

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடிகள். வரவேற்புக்கு ஐந்து நிமிடம். பிறகு உடனே நூலை வெளியிட்டுவிடுங்கள். வெளியீட்டைக் கடைசிவரை ஒத்திப்போடும் வழக்கத்தால், அதுவரை பேசுகிற எவர் கையிலும் நூல் இருப்பதில்லை. முதல் பிரதி பெற்றவர் பேசத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். தொகுப்பாளர் இரண்டு கேள்வி கேட்டால் அவரே பேசத் தொடங்கிவிடுவார். ஆய்வுரைக்கு இருபது நிமிடம் கொடுங்கள். அதன்பின் அரை மணி நேரம் ஒலிவாங்கியை அரங்குக்குள் அனுப்புங்கள். எழுந்து பேசுவோர் ஊரையும் தெருவையும் முதலில் சொல்லட்டும். ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்யட்டும், இன்னொருவர் பெயரும் கைப்பேசி எண்ணும் குறித்துக்கொள்ளட்டும். இந்த அரை மணி நேரத்தில் உங்கள் நூலில் இல்லாத செய்திகள் வரும், நூலில் உள்ளவற்றை மறுக்கும் செய்திகளும் வரும். மேடையிலிருந்து அவற்றுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருக்காமல் குறித்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை. ஏற்புரை பத்து நிமிடத்தைத் தாண்டாதிருக்கட்டும். அதில் நூலின் சுருக்கத்தைச் சொல்லாமல், பேட்டி தந்தவர்களின் பெயர்களை வாசித்து ஒவ்வொருவருக்கும் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு பிரதியைக் கொடுங்கள்.

விற்பனை மேசையை வாசலில் வையுங்கள், சில்லறையும் யு.பி.ஐ. அட்டையும் தயாராக இருக்கட்டும். புத்தகத் திருவிழாக்களில் வழக்கமாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது என்பதால் வெளியீட்டு நாளில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால்தான் அன்றே வாங்குவார்கள். இலவசப் பிரதி கேட்கும் நண்பர்களைச் சமாளிப்பதை உறவுக்காரர் அல்லாத ஒருவரிடம் விட்டுவிடுவது உத்தமம்.

ஒன்பதாம் படி: விழாவுக்குப் பின் முப்பது நாட்கள்

1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுபவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. அதனால் அவர்களது நூல்கள் எந்தத் தேசியப் பட்டியலிலும் இடம்பெறாமல் போகின்றன. பொது நூலக இயக்ககம் நூல் கொள்முதலுக்கு விண்ணப்பம் கோரும் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களின் அரங்கு ஒதுக்கீடு முன்கூட்டியே முடிந்துவிடும். தனி அரங்கு எடுக்காமல் ஏற்கெனவே அரங்கு வைத்திருக்கும் ஒரு விற்பனையாளரிடம் இருபது பிரதிகள் கொடுத்து வைப்பதே ஒற்றை நூல் ஆசிரியருக்குக் கட்டுப்படியாகும்.

அரங்கில் எழுந்து பேசியவர்களை இந்த முப்பது நாட்களுக்குள் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, அவர்கள் சொன்ன திருத்தங்களைக் காகிதச் சான்றோடு ஒப்பிட்டு, உறுதியானவற்றை மட்டும் ஒற்றைத்தாள் பிழைத்திருத்தமாக அச்சிட்டு மீதிப் பிரதிகளில் வையுங்கள். பேட்டிகளின் ஒலிப்பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் வைத்து, அந்தந்தக் குடும்பத்துக்கு அவரவர் பதிவை ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். ஆவணங்களைப் பாதுகாக்கும் நூலகம் ஒன்று பதிவுகளைக் கேட்டால், ஒப்புதல் படிவங்களின் நகலையும் சேர்த்தே ஒப்படையுங்கள். படிவம் இல்லாத பதிவை எந்த நல்ல நூலகமும் ஆய்வாளருக்குத் திறந்துவிடாது.